பாதிச் சவரம்

தலைவரைச் சுட்டுக் கொன்ற அன்று யார் யார் எங்கே இருந்தார்கள் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு ஓடியது. வேலாயுதம் தன் வழக்கமான கதையை எடுத்தார்.

"சலூன்ல ஒரு பக்கம் வழிச்சாச்சு. சேதி வந்ததும் ஷட்டரை இறக்கிட்டான். பாதிச் சவரத்தோட வீட்டுக்கு ஓடியாந்தேன். நம்பலைன்னா இவளக் கேளுங்க, கதவத் திறந்ததே இவதான்."

இத்தனை வருஷத்தில் அவர் மனைவி தமயந்தியைச் சாட்சிக்கு அழைத்தது இதுதான் முதல் முறை. அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். பஸ்கள் எரிந்துகொண்டிருந்த அந்த மாலையில் கதவைத் திறந்தவள் அவள்தான். அவருடைய இரண்டு கன்னங்களும் வழவழவென்று இருந்தன. வீட்டில் இல்லாத சோப்பின் வாசனை அடித்தது.

"சொல்லுங்க சம்பந்தியம்மா" என்றார் சம்பந்தி.

"எந்தப் பக்கம் வழிச்சிருந்துச்சு, நீங்களே சொல்லுங்க" என்றாள் கணவரிடம்.

வேலாயுதத்தின் கை முகத்தை நோக்கி எழுந்தது. எந்தக் கன்னமென்று தெரியாமல் நடுவில் நின்றது.