முதலிடம் ஸ்டெல்லாவுக்கு

எட்டாவது மாடி தேசம்மாவுக்குக் காசநோய் என்று உறுதியானதுமே, எல்லோரையும்போல அவர் கழுத்திலும் தொங்கிய மூச்சுமானி, குடியிருப்பின் டாக்டரான எனக்குப் பட்டியல் அனுப்பிவிட்டது. மூன்று மாதத்தில் அவருடைய மூச்சுக்காற்றை அதிகம் சுவாசித்தவர்களில் கணவருக்கு இரண்டாமிடம்தான். எதிர்வீட்டு ஸ்டெல்லாவுக்கு முதலிடம். நாற்பத்தொரு மணி நேரம்!

"அவளா? அவகூட நான் பேசறதே இல்ல மேடம். சண்டைதான் போடுவேன்."

"எவ்ளோ கிட்டக்க நின்னு?"

தேசம்மா எழுந்து வந்து, மாஸ்க்கோடு என் மூக்கருகே நின்று காட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நல்லவேளை, ஸ்டெல்லாவுக்கு நோயில்லை. தடுப்பு மாத்திரை கொடுத்து, "கொஞ்ச நாளைக்குத் தள்ளி நின்னு சண்டை போடுங்க" என்றேன்.

மறுநாள் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஸ்டெல்லா கத்தியது கீழ்த்தளம்வரை கேட்டது.

"மாத்திரைய முழுங்குனியாடி? செத்துகித்துப் போனே, கொன்னுடுவேன்!"