வளைந்த சுவரும் வெளியூர்க்காரனும்

பின்னால் ரயில் பாதை போவதால், அந்த பேஸ்பால் மைதானத்தின் இடதுபக்கச் சுவரை வளைத்துக் கட்டியிருந்தார்கள். அதில் பட்ட பந்து எங்கே தெறிக்கும் என்பது உள்ளூர் அணிக்கு மட்டுமே அத்துப்படி.

"நம்ம பசங்க ஜெயிக்கிறதே என்னாலதான்" என்று சுவர் மார்தட்டிக்கொள்ளும்.

ஒருநாள் வெளியூர் வீரன் ஒருவன் விடிந்ததும் வந்து, சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்தான்.

"இவனுக்கு என்னடா வேணும்?" என்று சுவர் பந்தைக் கேட்டது.

"உன்னைப் படிக்கிறான் அண்ணே."

அன்றைய ஆட்டத்தில் உள்ளூர் அணி அடித்த கடைசிப் பந்து சுவரில் மோதித் தெறித்தது. பந்து வந்த இடத்தில் அவன் தயாராக நின்றான். எடுத்து எறிந்தான். ஓட்டம் எடுக்க ஓடிவந்த உள்ளூர் வீரன் அவுட். ஒரே ஓட்ட வித்தியாசத்தில் உள்ளூர் அணிக்குத் தோல்வி.

"வருத்தமா அண்ணே?" என்றது பந்து.

"இல்லாமலா? ஆனாலும் என்னை ஒரு ஆளா மதிச்சு, விடியக்காலையிலேயே வந்தானே! அவன் எந்த ஊருடா?"