மேனேஜர் சாகக் கூடாது

“என்ன ஆனாலும் சரி, மேனேஜர் இன்னிக்குச் சாகக் கூடாது. கேட்டீங்களா?” என்றாள் மனைவி போனில்.

“நான் இருக்கிற வரைக்கும் சாக மாட்டார். நீ கவலைப்படாதே” என்றான் குமாஸ்தா, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. “பாப்பா என்ன பண்றா?”

“உங்க போட்டோவைக் காட்டி யாருன்னு கேட்டேன். அங்கிள்ங்கறா.”

அவன் போனை வைத்தான். முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் பெண்டாட்டியும் ஒன்றரை வயதுப் பெண்ணும். இடமாற்றல் மனுவோ எட்டு மாதமாக மேனேஜரின் மேஜைமேல். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப இன்றுதான் கடைசி நாள்.

அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் யாருக்கோ திடீரென்று ஞானம் பிறந்திருந்தது. ஊழியர் ஒற்றுமை வளர, வெள்ளிதோறும் நாலு மணி முதல் ஆறு மணி வரை எல்லாக் கிளைகளிலும் கதை விளையாட்டு ஆடியாக வேண்டும் என்று உத்தரவு.

ஆளுக்கொரு வேஷம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தாங்கள் செய்வதை வாயால் சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; எண் பெரிதானால் பலிக்கும். வேஷம் செத்துப்போனால் அன்றைக்கு அவருக்கு அங்கே இடமில்லை, எழுந்து போய்விட வேண்டும்.

இந்தக் கிளையில் கதையை நடத்துவது குமாஸ்தா. “நீங்க செத்துட்டீங்க சார், எழுந்து வெளியே போங்க” என்று மேனேஜரிடம் எந்தக் குமாஸ்தாவால் சொல்ல முடியும்?

போதாக்குறைக்கு முதல் வாரமே, அவன் விதிகளை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தபோது, மேனேஜரே சொல்லிவிட்டார். “என் உயிரை வாங்காதேய்யா.”

மேலதிகாரி இதற்குமேல் எப்படி உடைத்துச் சொல்வார்? அன்றிலிருந்து பகடையை ஒரு தடித்த ஃபைலுக்குப் பின்னால்தான் உருட்டினான்.

மணி நாலு. மீட்டிங் அறையில் கிளையின் நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

“குகைக்குள்ளே அரக்கன் தூங்கிட்டிருக்கான். என்ன பண்றீங்க?” என்றான் குமாஸ்தா.

ஹெட்கிளார்க் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். அவருக்கு விளையாட்டு என்றால் அந்தப் புத்தகம்தான். “தூங்கறவனை வெட்டலாமாங்கறது பக்கம் நாற்பத்திரெண்டு, மூணாவது உட்பிரிவு. இரு, படிக்கிறேன்.”

“ஐயோ, வெட்டாதீங்க சார்!” என்றாள் ரிசப்ஷனிஸ்ட். “அவனையும் ஒருத்தி பெத்துத்தானே போட்டிருப்பா? நான் பக்கத்துல உட்கார்ந்து தலையைக் கோதி விடறேன்.” நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. போன வாரம் ஒரு வௌவாலுக்காக அழுதவள்.

“தலையைக் கோதறதுக்கு விதி கிடையாதும்மா.”

“பாசத்துக்கு என்ன சார் விதி?”

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நான் கவசத்தைக் கழட்டி வெச்சுட்டேன். கத்தியையும் தூக்கி எறிஞ்சுட்டேன். நேராப் போய் அவன் மூக்குல ஒரு குத்து விடறேன்.”

“அடேயப்பா, என்ன தைரியம் சார் உங்களுக்கு!” ரிசப்ஷனிஸ்ட் கைதட்டினாள்.

குமாஸ்தா பகடையைக் கையில் எடுத்தான். ஃபைலுக்குப் பின்னால் உருட்டினான். அரக்கனுக்கு இருபது. அந்தப் பகடையில் அதற்குமேல் எண்ணே கிடையாது.

“ரெண்டு” என்றான். “திருப்பி அடிக்க வந்தான் சார், தும்மல் வந்துடுச்சு.”

மேனேஜரின் முகம் சிவந்தது. “அப்போ அவன் வாய்க்குள்ளே தலையை விடறேன்.”

பத்தொன்பது. “அவனுக்குக் கடைவாய்ப் பல்லுல வலி சார். கடிக்க முடியலை.”

“இந்தக் குகையில நெருப்புக் குழி ஏதாவது இருக்கா?”

“இருக்கு சார், ஆனா...”

“குதிச்சுட்டேன்.”

“இப்பத்தான் சார் அணைஞ்சுது.”

ஹெட்கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “நெருப்பு தானா அணையறது எந்தப் பக்கத்துல இருக்கு தம்பி? அந்தப் பகடையைக் கொஞ்சம் காட்டு.” ஃபைலை நோக்கி அவர் கை நீண்டது.

குமாஸ்தா சட்டென்று பகடையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். “உருண்டு எங்கேயோ போயிடுச்சு சார்.”

ஹெட்கிளார்க் மேஜைக்கு அடியில் குனிந்து தேடத் தொடங்கினார். தேடி முடிப்பதற்குள் மணி ஆறாகிவிட்டது. மேனேஜர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

மற்றவர்கள் கிளம்பிப் போனதும் குமாஸ்தா மேனேஜரின் அறையில் போய் நின்றான். மேனேஜர் மனுவை எடுத்து ஒருமுறை படித்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டு, மேஜை அதிர முத்திரையும் குத்தினார்.

“ரொம்ப நன்றி சார்.” அவன் கும்பிட்டான். “இருபத்திமூணு வாரமா உங்க உயிரை என் உயிரா நினைச்சுப் பார்த்துக்கிட்டேன் சார்.”

“தெரியும்யா. அதுக்காகத்தான் இந்தக் கையெழுத்தே.”

மேனேஜர் பெருமூச்சு விட்டபடி பேனாவை மூடினார்.

“உன் இடத்துக்கு வர்றவனாவது என்னை நாலேகால் மணிக்கே சாகடிச்சு வீட்டுக்கு அனுப்பட்டும்!”