பிளஸ் ஒன் பாடம்

"பிளஸ் ஒன் புத்தகத்தை மூடி வைங்கன்னு பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கே சொன்னேன். கேட்டீங்களா? இப்ப பாருங்க, புகார் வந்து உக்காந்திருக்கு."

தாளாளர் மரியஜோசப் எதிர் நாற்காலியைக் காட்டினார். அதில் இருந்தவர் துரைராஜ். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. முதல் ஷிப்ட் முடித்த கையோடு வந்திருந்தார். காலரில் நிலக்கரித் தூள் அப்பியிருந்தது. அவர் மகன் இந்தப் பள்ளியில் பிளஸ் ஒன், பி பிரிவு.

இயற்பியல் ஆசிரியை திலகவதிக்கு உள்ளே நுழையும்போதே முகம் சிவந்திருந்தது.

"என்ன புகார் சார்? பாடம் நடத்துறேன்னா?"

துரைராஜ் எழுந்து நின்றார். "கோச்சுக்காதீங்க டீச்சர். ஏ செக்‌ஷன்ல பிளஸ் டூ பாடமே பாதி ஓடிடுச்சாம். எங்க பையன் இன்னும் பந்தைத் தூக்கிப் போட்டா எங்க வுழும்னு படிச்சிகினு இருக்கான். பெரிய பரீட்சையில வராத பாடத்துக்கு எதுக்கு நேரத்த வீணாக்கணும்?"

கல்லூரியில் இடம் கிடைப்பது பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். பிளஸ் ஒன்னுக்கு அப்போது அரசுத் தேர்வு கிடையாது. அதனால் அந்த வருஷத்துப் பாடத்தையே ஓசைப்படாமல் விழுங்கிவிட்டு, பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருஷமும் உருட்டிக்கொண்டிருந்தது பள்ளி. பி பிரிவில் மட்டும் திலகவதி அதற்கு மசியவில்லை.

"வீணா?" அவள் குரல் வராந்தாவரைக்கும் கேட்டது. "ஆல்பினைத் தெரியுமா உங்களுக்கு? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நம்ம கேட்டுல அவன் படம் போட்டு பேனர் தொங்குச்சு. பிசிக்ஸ்ல நூத்தித் தொண்ணூத்தாறு. இன்ஜினியரிங்ல சேர்ந்து இப்ப அரியர் மேல அரியர். போன வாரம் மெயின் பஜார்ல என்னைப் பார்த்துட்டு ஒளியப் பார்த்தான். பிடிச்சு நிறுத்திக் கேட்டா, 'விசைன்னா என்னன்னே தெரியல மிஸ், எந்தக் கேள்வி வரும்னு மட்டுந்தான் தெரியும்'னு அழுவுறான். அவன் முட்டாளா சார்? நாமதான் அவனுக்குச் சொல்லித் தரல."

"டவுன்ஷிப்ல நம்ம ஸ்கூல் ஒண்ணுதானா இருக்கு?" என்றார் மரியஜோசப். "ரிசல்ட் இறங்கினா அடுத்த வருஷம் ஒருத்தன் எட்டிப் பார்க்க மாட்டான். பெத்தவங்க மார்க் கேக்கிறாங்க. நான் குடுக்கிறேன்."

"பெத்தவங்க கேக்கட்டும். பிள்ளைங்க மண்டைக்குள்ள ஏதாவது போச்சான்னு கேக்க இந்தக் கட்டடத்துல ஒரு ஆள் வேண்டாமா? பரீட்சையில வராதது பாடமே இல்லைன்னு பதினாறு வயசுல பழக்கிட்டோம்னா, அதுக்கப்புறம் எதைத்தான் அதுங்க தெரிஞ்சுக்க ஆசைப்படும்? இது படிப்பு இல்ல சார். மோசடி!"

மரியஜோசப் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். திலகவதி துரைராஜின் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்க. சுரங்கத்துல புதுசா ஒருத்தன் வேலைக்கு வரான். எந்த சுவிட்சை அமுக்கணும்னு மட்டும் காட்டிட்டு, அமுக்கினா என்ன ஆகும்னு சொல்லாம கரி ஓடுற பெல்ட்டு பக்கத்துல விட்டுடுவீங்களா?"

"ஐயோ, ஆளே மாட்டிப்பான் டீச்சர்."

"உங்க பையனை மட்டும் அப்படி அனுப்பலாமா?"

துரைராஜ் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்க வூட்ல காலேஜ் வாசலை மிதிக்கப் போற மொத ஆளு அவன்தான் டீச்சர். நான் கடைசிவரைக்கும் கான்ட்ராக்ட்டுதான், பர்மனென்ட் ஆவப் போறதில்ல. கட்‌ஆப் கொறஞ்சி இந்த ஒரு தடவ தப்பிடுச்சின்னா, மறுபடி அவனைத் தூக்கிவுட எனக்குத் தெம்பு கெடையாது. அதான் பயம்."

திலகவதி அவர் பக்கம் ஒரு அடி நகர்ந்தாள். "பிளஸ் ஒன் புரிஞ்சவனுக்கு பிளஸ் டூ தானா வரும். பயப்படாதீங்க. நான் பொறுப்பு."

துரைராஜ் கை கூப்பினார். "படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். என் பையன் உங்ககிட்டயே படிக்கட்டும். சார், புகாரு கிகாரு ஒண்ணும் இல்லீங்க." தாளாளருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியேறினார்.

மரியஜோசப் மெல்லச் சிரித்தார்.

"ஜெயிச்சுட்டீங்க டீச்சர். உள்ளதைச் சொல்றேன், இப்படி ஓட்டுறதுல எனக்கும் கொஞ்ச நாளா மனசு கூசிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பி செக்‌ஷனுக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயம் எதுக்கு? நாளையிலேர்ந்து ஏ செக்‌ஷனையும் நீங்களே எடுங்க. அவங்களுக்கும் பிளஸ் ஒன் முதல் பாடத்துலேர்ந்து ஆரம்பிச்சிடுங்க."

நன்றி சொல்ல வாயெடுத்த திலகவதி ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே துரைராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு மேசைக்கு அருகில் வந்தாள். இத்தனை நேரம் வராந்தாவரைக்கும் கேட்ட குரல் இப்போது எதிரே இருந்த தாளாளருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஏ செக்‌ஷன் இப்ப போற மாதிரியே போகட்டும் சார். என் பொண்ணு நித்யா அதுலதான் படிக்கிறா."