நட்சத்திரம் போடும் திருடன்

தனக்கு வருகிற மெயிலையெல்லாம் தனக்கு முன்னால் வேறு யாரோ பிரித்துப் படித்துவிடுகிறார்கள் என்றார் போஸ்ட்மாஸ்டர்.

சர்வீஸ் சென்டரிலிருந்து வந்திருந்த பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இன்பாக்ஸில் படிக்காத மெயில் என்றால் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். இங்கே காலையில் வந்ததுகூட மெலிந்துபோய்க் கிடந்தது.

அவர் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் போஸ்ட்மாஸ்டர் போஸ்ட்மாஸ்டர்தான். உறை பிரிந்த கடிதம் ஒன்றைக்கூட அவர் பட்டுவாடாவுக்கு அனுப்பியதில்லையாம். அப்பேர்ப்பட்டவருக்கே இந்தக் கதியா என்று அவருக்கு ஆறவில்லை.

பென்ஷன் போடும் பேங்க் சம்பந்தப்பட்ட எல்லாமே இந்த மெயிலுக்குத்தான் வந்துகொண்டிருந்தன. வெளியூரில் இருக்கும் மகன் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் பதறிப்போய்விட்டார். எவனோ அப்பாவின் பணத்துக்கு அடிபோடுகிறான், இன்றைக்கே ஆளை அனுப்புங்கள் என்று போனில் சர்வீஸ் சென்டரையே ஒரு உலுக்கு உலுக்கியிருந்தார்.

அவள் முதலில் சந்தேகப்பட்டது போஸ்ட்மாஸ்டரைத்தான். பாதிப் பேர் தாங்களே போனில் படித்துவிட்டு மறந்துபோவார்கள். போனைக் காட்டச் சொன்னாள். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தது பட்டன் போன்.

பிரவுசரில் கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்ட சமாச்சாரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றே ஒன்று இருந்தது, வானிலை சொல்வது. அது பாட்டுக்கு மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. வைரஸ் ஏதும் இருக்கிறதா என்று தேடினாள். சுத்தமாக இருந்தது.

பிறகுதான் அழித்த மெயில்கள் போய் விழும் குப்பைத் தொட்டியைத் திறந்தாள்.

லாட்டரியில் கோடி விழுந்திருக்கிறது என்று ஒரு மெயில். உங்கள் பார்சல் வழியில் நிற்கிறது, இங்கே அழுத்துங்கள் என்று ஒன்று. கணக்கை முடக்கப்போகிறோம், பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்று பேங்க் பெயரில் வந்த போலி ஒன்று. வேண்டிய மெயில் ஒன்றுகூட அந்தக் குப்பையில் இல்லை.

பேங்க் மெயிலைப் பார்த்ததும் போஸ்ட்மாஸ்டர் நெளிந்தார். போன மாதம் அதை அப்படியே நம்பிவிட்டாராம். பாஸ்புக்கை எடுத்துவர உள்ளே போய்த் திரும்பினால் மெயிலைக் காணோமாம். கம்ப்யூட்டரைக் கன்னாபின்னாவென்று திட்டித் தீர்த்தாராம்.

அவளுக்கு இப்போது அடுத்துப் போக வேண்டிய வீட்டு வேலையெல்லாம் மறந்தே போய்விட்டது. இன்பாக்ஸுக்குத் திரும்பினாள். கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நட்சத்திரம். கண் டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதிக்கு ஒன்று. வீட்டு வரி கட்டச் சொன்ன மெயிலுக்கு ஒன்று.

நட்சத்திரம் போட்டது யார் என்று கேட்டாள். அதுவாகவே வரும் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். நட்சத்திரம் இருந்தால் உடனே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறப்போடலாம், கம்பெனிக்காரன் வசதியாகத்தான் பண்ணி வைத்திருக்கிறான் என்றார்.

அவள் இந்தத் தொழிலில் எத்தனையோ திருட்டுத்தனத்தைப் பார்த்தவள். ஆளில்லாத நேரத்தில் வீட்டுக்குள் புகுந்து, குப்பையைக் கூட்டித் தள்ளிவிட்டு, கரண்ட் பில்லையும் ஞாபகப்படுத்திவிட்டுப் போகிற திருடனை இப்போதுதான் பார்க்கிறாள். அவனை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

இந்த மெயில் எங்கெங்கே திறந்திருக்கிறது என்று காட்டும் பக்கத்துக்குப் போனாள். முதலில் இந்தக் கம்ப்யூட்டர். அதற்குக் கீழே ஒரு மொபைல் போன். சற்று முன்னால்கூட அதில் யாரோ மெயில் பார்த்திருந்தார்கள். அந்தப் போனுக்கு அதன் சொந்தக்காரர் பெயர் வேறு வைத்திருந்தார்.

வாயாடி.

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பெயரைப் படித்தார். பக்கத்தில் போட்டிருந்த ஊரையும் படித்தார். மனிதரின் முகமே மாறிவிட்டது. வாயாடி என்பது அவர் வைத்த பெயராம். இந்த மெயிலையே ஆரம்பித்துக் கொடுத்து, எப்படித் திறப்பது என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தானாம்.

"என் பொண்ணும்மா" என்றார்.

சர்வீஸ் பெண்ணுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. எங்கோ ஓர் ஊரில் இருந்துகொண்டு, வாய் திறக்காமல் அப்பாவுக்குக் காவல் இருக்கிறாளே என்று நினைத்தாள். தன் அப்பாவின் போனைத் தான் கடைசியாக எப்போது பார்த்தோம் என்றும் ஒரு குறுகுறுப்பு.

அதற்குள் மகன் அவளைப் போனில் கூப்பிட்டார். ஆள் சிக்கினானா என்று கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை சார், உங்கள் சகோதரிதான் பார்த்துக்கொள்கிறார் என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள்.

"எனக்கு அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. யாரா இருந்தாலும் முதல்ல வெளியே தள்ளுங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்புக்குறி தானாகவே 'வெளியேற்று' என்ற இடத்துக்கு நகர்ந்தது. ஒரு முறை அழுத்தினால் போதும், பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டால் அந்த வாயாடியால் இனி இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. போனைக் காதில் வைத்தபடியே, யார் சார் இவங்க என்று போஸ்ட்மாஸ்டரைக் கேட்டாள்.

அவர் உள்ளங்கையைத் திரைமேல் வைத்து அந்தப் பெயரை மூடினார். குரலைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை.

"என் மருமக. அவனுக்குத்தான் விவாகரத்து ஆச்சும்மா. எனக்கு ஆகலை."

மறுமுனையில் மகன் இன்னும் போனை வைக்கவில்லை.