கொஞ்சம் மக்கா

ஷாஜன் இறந்த முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து, முட்டத்தில் அவன் வீட்டு முற்றத்தில் மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது.

பிரைட்டன் தம்ளரை எடுத்து உதட்டருகே கொண்டு போனான். உடனே அது கேட்டது.

"கொஞ்சம் மக்கா..."

ஷாஜனின் குரல்தான்; கூட்டாளியை அவன் மக்கா என்றுதான் கூப்பிடுவான். இடது காதுக்குப் பின்னால், வறண்ட நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தத்தோடு. உச்சி வெயில். சுற்றிலும் நாற்பது பேர் சாப்பிடுகிறார்கள். ஒருவரும் தலை தூக்கவில்லை.

பிரைட்டன் தண்ணீரை அப்படியே மண்ணில் ஊற்றினான்.

"கண்டியா, அந்த வீட்டுத் தண்ணி அவனுக்கு எறங்கல்ல," என்றார் எதிரே இருந்த நேசையன், பக்கத்து ஆளிடம். "கடல்ல வச்சு என்ன செய்தானோ."

அந்த வீட்டில் மட்டுமல்ல. குழாயைத் திறந்தாலும் டீக்கடையில் கிளாசைத் தொட்டாலும் அதே குரல். ஒரு மாதமாகக் கஞ்சியிலும் பழத்திலும் உயிரைப் பிடித்து வைத்திருந்தான்.

இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர்கள். எஞ்சின் பழுதாகி ஏழு நாள் மிதந்தார்கள். நாலாம் நாள், மிச்சமிருந்த தண்ணீரை ஆளுக்கொரு குப்பியாகப் பங்கு வைத்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் ஒரு கப்பல் வந்தபோது பிரைட்டனுக்கு மட்டும்தான் உயிர் இருந்தது.

ஷாஜனின் மனைவி ஜெனிஷா செம்போடு வந்து தம்ளரை மறுபடி நிரப்பினாள்.

"தண்ணி குடிக்காம எந்திக்கப்பிடாது அண்ணா."

"முடியல்ல ஜெனிஷா. அவன் கேக்கான்."

"யாரு?"

"ஷாஜன். கொஞ்சம் மக்கான்னு கேக்கான்."

ஜெனிஷா செம்பைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை.

"வள்ளத்துலயும் அப்படித்தான் சொன்னாரா?"

பிரைட்டன் இலையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஆறாம் நாள் சொன்னான். எனக்குப் பின்னால கெடந்தான். என் குப்பில நாலு வாய்தான் இருந்துது. அத மடிக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு, உறங்குதவன் மாதிரி கெடந்தேன். மூணு மட்டம் சொன்னான். பெறகு சத்தம் இல்ல. கப்பல் வாறது வரைக்கும் நான் அவன் பக்கம் திரும்பவே இல்ல. அவனுக்குத் தண்ணி குடுத்தேன்னு உங்கிட்ட சொன்னது பொய்."

நேசையன் கையை உதறிவிட்டு எழுந்தார். ஜெனிஷா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கப்பல்காரங்க அவருக்க கையில இருந்த குப்பிய எடுத்து, பையில போட்டுக் குடுத்திருந்தாங்க. வெரல நிமித்தத்தான் பாடுபட்டாங்களாம். அதுல பாதித் தண்ணி அப்படியே இருந்துது. ஏன் குடிக்கல்லன்னு இந்த முப்பது நாளும் எனக்குப் பிடி கிட்டல்ல."

பிரைட்டன் நிமிர்ந்தான்.

"பானையில சோறு தீந்துபோன அன்னைக்கெல்லாம் அவரு தனக்க சோத்த தட்டோட எனக்க பக்கம் நீட்டுவாரு. 'கொஞ்சம்'னுவாரு. அந்த ஒரு வார்த்தைதான் சொல்லுவாரு."

தம்ளரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"அவரு உங்ககிட்ட கேக்கல்ல அண்ணா. குப்பிய உங்களுக்கு நீட்டியிருக்காரு."