இரவல் கதவு

அடுக்களைக் கதவைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டுக்கொண்டு ஈவர் வந்து நின்றான்.

மாரிட் அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். சுழல்காற்று போய் வெகுநேரம் ஆகவில்லை.

மினசோட்டாவில் கோதுமை அறுத்துக் கதிரடிக்கிற சமயம் அது. மத்தியானம் வானம் பச்சையாகி, காற்று கண்ட கண்ட இடத்தில் இறங்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறங்கியது, இந்தப் பக்கம் இறங்கியது, அடுத்த ஊரிலும் அதற்கடுத்த ஊரிலும் இறங்கியது. எங்கள் தேவாலயம் போன இடம் தெரியவில்லை. மாரிட் வீட்டில் மட்டும் கோழிக்கூண்டை எடுத்துக்கொண்டு மரியாதையாகப் போய்விட்டது.

ஆகவே எங்கள் வட்டாரத்தில் கதவு என்று மிஞ்சியது அவள் வீட்டில்தான். வண்டிகள் நொறுங்கிக் கிடந்தன, குதிரைகளைக் காணவில்லை. அடிபட்ட ஆளைத் தூக்கிப்போகக் கதவை விட்டால் வேறு வழியில்லை.

"எங்க வீடு போச்சுக்கா," என்றான் ஈவர். "நிலவறைல இருந்ததால பிள்ளைங்க தப்பிச்சுதுங்க."

அதுவே போதும் என்றாள் மாரிட். மனதாரத்தான் சொன்னாள். ஆனாலும் அவன் இரவல் வாங்கிப்போன இழைப்புளியும் போச்சா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஈவரைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்லவன். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவான். இரவல் வாங்கினால் மட்டும் திருப்பித் தரமாட்டான். என் ஏணி போனது போனதுதான். மாரிட் வீட்டிலிருந்து ரம்பம் போயிற்று, பெரிய அண்டா போயிற்று, தொட்டில் போயிற்று. அவன் வீட்டில் வருஷத்துக்கு ஒன்று பிறந்தது, தொட்டில் மட்டும் திரும்பவில்லை. கடைசியாகப் போனது மரம் இழைக்கிற அந்த இழைப்புளி. அவள் புருஷன் ஹல்வோர் நார்வேயிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது.

அதை வைத்துத்தான் அந்த வீட்டில் தினமும் சண்டை. அடுக்களைக் கதவு மழைக்கு ஊறி இறுகிக்கொள்ளும், இடுப்பால் முட்டித்தான் திறக்க வேண்டும். இழைத்துத் தொலையுங்கள் என்பாள். இழைப்புளி ஈவரிடம் இருக்கிறதே என்பான். போய்க் கேளுங்கள் என்பாள். கேட்டால் பாவம், சங்கடப்படுவான் என்பான்.

கதவைச் செய்ததும் ஹல்வோர்தான். ஆள் நெட்டை. எந்த வீட்டுக்குப் போனாலும் நிலையில் நெற்றியை இடித்துக்கொள்வான். சொந்த வீட்டிலாவது நிமிர்ந்து நுழைகிறேன் என்று, ஊரில் யாரும் வைக்காத உயரத்துக்கு வாசலும் கதவும் வைத்துக்கொண்டான்.

காலையில் ஆற்றோரப் பண்ணைக்குக் கதிரடிக்கப் போனவன் இன்னும் வரவில்லை. மாரிட்டுக்குப் பயமாக இருந்தது. பயந்தால் அவளுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் காபி போடுவாள்.

"எவனுக்காவது ஒத்தாசை பண்ணிக்கிட்டு அங்கயே நிப்பாரு," என்றாள். "வீட்ல ஒருத்தி கிடக்காளேன்னு நினைப்பு வேணாமா?"

ஈவர் கீலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாமான் அறைக் கதவை எடுத்துக்கொள்ளேன், தூக்க லேசாக இருக்கும் என்றாள். அவன் போய் அதன் பக்கத்தில் நின்று பார்த்தான்.

"இது பத்தாதுக்கா," என்று திரும்பி வந்தான்.

கீல் ஆணிகள் சுலபத்தில் வரவில்லை. சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தான். கதவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கொண்டாந்துடறேன்க்கா."

மாரிட் சிரித்துவிட்டாள்.

"யாரு, நீயா? இதைக் கேக்க அவரு இல்லாமப் போயிட்டாரே."

ஈவர் கதவைக் கீழே வைத்தான். பிறகு தூக்கிக்கொண்டு போனான்.

கூண்டில்லாத கோழிகள் கதவில்லாத வாசல் வழியாக அடுக்களைக்குள் வந்தன. அவள் விரட்டவில்லை. துணைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் பாதையில் அவள் கதவு வந்தது. ஈவரோடு சேர்ந்து நாலு பேர் தூக்கி வந்தோம்.

அட, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டானே என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியதாம். ஹல்வோரிடம் சொன்னால் நம்பவே மாட்டாரே என்று நினைத்தாளாம். பிற்பாடு அவளே சொன்னாள்.

கதவின் மேல் போர்வை மூடியிருந்தது. நீளம் பத்தாமல் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. அந்த பூட்ஸுக்குக் காலையில் அவள்தான் மெழுகு தேய்த்துக் கொடுத்திருந்தாள்.

அவள் அழவில்லை. மேஜையிலிருந்த காபிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். அந்த வாசலுக்கென்று அளவெடுத்துச் செய்த கதவு, எங்கும் இறுகாமல் நேராக உள்ளே போயிற்று.

ஆற்றோரப் பண்ணையில் சரிந்த சுவருக்கு அடியில் ஹல்வோரை முதலில் பார்த்தவன் ஈவர்தான். மாரிட்டிடம் நான் போய்ச் சொல்கிறேன் என்று அவனாகத்தான் கிளம்பினான். திரும்பி வந்ததும் சொல்லிட்டியா என்று கேட்டோம்.

"கதவு குடுத்தாங்க," என்றான்.

அதற்கப்புறம் ஆளைக் காணவில்லை. தூக்க ஒரு கை குறைகிறது, எங்கே தொலைந்தான் என்று நாங்கள் திட்டிக்கொண்டு நின்றோம். வெகுநேரம் கழித்து, கையெல்லாம் சிராய்ப்போடு வந்தான்.

எங்கே போயிருந்தான் என்பது மாரிட் வீட்டு அடுக்களையில்தான் தெரிந்தது. நாங்கள் ஹல்வோரை மேஜைமேல் வைத்துவிட்டு ஒதுங்கியதும், ஈவர் சட்டைக்குள்ளிருந்து இழைப்புளியை எடுத்து பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான்.

இடிந்துபோன தன் வீட்டிலிருந்து அன்று அவன் தேடி எடுத்தது அது ஒன்றுதான்.